ஒரே அர்த்தம், நாலு ஆப்ஷன்: போட்டித் தேர்வு ஆங்கிலத்தில் 'சினானிம்ஸ்' பயிற்சி எடுப்பது எப்படி? தேனி, கம்பம் பள்ளத்தாக்குத் தேர்வர்களுக்கான விளக்கம்

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம், அதாவது எஸ்.எஸ்.சி., நடத்தும் எம்.டி.எஸ். தேர்வுக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2023-ல் இருந்து இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு பகுதி மட்டும் தமிழில் வராது. அது ஆங்கிலம்.

அந்த ஒரு பகுதிதான் பலரைக் கவிழ்க்கிறது. எம்.டி.எஸ். தேர்வில் இரண்டு அமர்வுகள். கணக்கும் ரீசனிங்கும் வரும் முதல் அமர்வு தகுதிக்கு மட்டும். தரவரிசை போடப்படுவது இரண்டாவது அமர்வின் மதிப்பெண்ணை வைத்து. அதில் மொத்தம் 50 கேள்விகள், 150 மதிப்பெண். இதில் 25 கேள்விகள், 75 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு. கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வேலை கிடைக்குமா இல்லையா என்பதில் சரிபாதியை ஆங்கிலம் முடிவு செய்கிறது.

ஆங்கிலம் என்றாலே இலக்கணம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கணத்தை இரண்டு மாதத்தில் ஓரளவு தேற்றிவிடலாம். சொல்வளம் அப்படி இல்லை. ஒரு சொல்லைக் கொடுத்து 'இதே பொருள் தரும் சொல் எது?' என்று கேட்கும் சினானிம்ஸ், 'எதிர்ப்பொருள் எது?' என்று கேட்கும் ஆன்டனிம்ஸ், கோடிட்ட இடத்தை நிரப்பும் குளோஸ் டெஸ்ட், பத்தியைப் படித்துப் பதில் சொல்வது என எல்லாமே கடைசியில் சொல் தெரியுமா என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன.

எந்தத் தேர்வில் எவ்வளவு?

சினானிம்ஸ் கேள்வி முதலில் வருவது போட்டித் தேர்வில் அல்ல, பள்ளிப் பொதுத்தேர்வில். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு, 12-ஆம் வகுப்பு ஆங்கில வினாத்தாள்களில் ஒரு மதிப்பெண் பகுதியின் முதல் மூன்று கேள்விகள் சினானிம்ஸ், அடுத்த மூன்று ஆன்டனிம்ஸ். பாடத்தில் வந்த வாக்கியத்தையே கொடுத்து, அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள்.

டி.என்.பி.எஸ்.சி.யில் கதை வேறு. குரூப் 4 தேர்வில் பொது ஆங்கிலம் என்ற தெரிவு இப்போது இல்லை. தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் எடுக்கலாம். 200 கேள்விகளில் 100 அதில் இருந்துதான். பொது ஆங்கிலம் எடுப்பவர்களுக்குச் சினானிம்ஸ், ஆன்டனிம்ஸ் இரண்டும் பாடத்திட்டத்திலேயே உண்டு.

எஸ்.எஸ்.சி.யின் சி.ஜி.எல்., சி.எச்.எஸ்.எல். முதல்கட்டத் தேர்வுகளில் 100-க்கு 25 கேள்விகள் ஆங்கிலம், 50 மதிப்பெண். துணை ராணுவப் படைகளுக்கான ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வில் 80-க்கு 20 கேள்விகள் ஆங்கிலம் அல்லது இந்தி. ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வின் முதல்நிலையில் 30 கேள்விகள், 20 நிமிடம். வங்கித் தேர்வில் நேரடியாக 'சினானிம் சொல்' என்று கேட்பதைவிட, பத்திக்குள் வைத்துக் கேட்பதும் சொற்களை இடம் மாற்றிக் கேட்பதும்தான் அதிகம்.

வெளிநாட்டுப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் ஆன்டனிம்ஸ், அனாலஜி கேள்விகள் 2011-லேயே நீக்கப்பட்டுவிட்டன. இப்போது ஆறு சொற்களைக் கொடுத்து, வாக்கியத்தின் பொருள் ஒன்றாகவே அமையும்படி இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் சினானிம்ஸ் என்று தனிப் பகுதி கிடையாது. ஆனால் கேள்வியில் ஒரு சொல், பத்தியில் அதே பொருளுக்கு வேறு சொல் என்று போட்டிருப்பார்கள். பெயர் மாறினாலும் சோதிப்பது அதே விஷயத்தைத்தான்.

தமிழுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. ஒரு பொருளுக்குப் பல சொல் என்று தொகுத்து மனப்பாடம் செய்வது தமிழ்நாட்டின் பழைய கல்விமுறை. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் அதற்காகவே எழுதப்பட்டவை. திவாகரத்தில் 12 தொகுதிகள். முதல் 10 தொகுதிகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர் என்று வகை பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பல பெயர்களைச் சொல்லும். 11-ஆம் தொகுதி அப்படியே தலைகீழ்: ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்கள். மண்டலபுருடர் எழுதிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் இருப்பதால், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ராகம் போட்டே ஒப்பித்தார்கள். ஆங்கிலத்தில் ரோஜெட் தன் 'தெசாரஸ்' நூலை வெளியிட்டது 1852-ல்தான்.

நிகண்டு படித்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. அந்தச் சொற்களைப் பாட்டிலும் உரையிலும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இன்றைக்கு 'டாப் 500 சினானிம்ஸ்' பி.டி.எஃப். இறக்கிப் படிக்கிறவருக்கு அந்தச் சொல் வேறு எங்கேயும் எதிர்ப்படுவதே இல்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

1066-ல் பிரான்ஸின் நார்மண்டியில் இருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பிறகு அரண்மனை, நீதிமன்றம் எல்லாம் பிரெஞ்சு. குடியானவர் வீட்டில் பழைய ஆங்கிலம். கல்விக்கும் சமயத்துக்கும் லத்தீன். இந்த மூன்றும் கலந்ததால் ஒரே பொருளுக்கு மூன்று அடுக்குச் சொற்கள் வந்தன. கேட்பது என்பதற்கு 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'கொஸ்டீன்' பிரெஞ்சு வழி, 'இன்டராகேட்' லத்தீன் வழி. அரசனுக்குரியது என்றால் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்'.

நம் ஊரில் சோறு, சாதம், அன்னம் இருப்பது போலத்தான். மூன்றும் ஒன்றுதான், ஆனாலும் ஒன்று இல்லை. கோயிலில் போடுவது அன்னதானம். 'சோறுதானம்' என்று யாரும் சொல்வதில்லை. ஆடி மாதம் ஊற்றுவது கூழ், அதற்கும் அன்னம் என்ற பெயர் ஒட்டாது.

தேர்வில் கேட்கப்படுவது இந்த நுணுக்கம்தான். வினாத்தாளில் 'மிகப் பொருத்தமான சினானிம்' என்றுதான் இருக்கும். நான்கில் இரண்டு ஆப்ஷன் கிட்டத்தட்ட சரியாக இருக்கும், அதில் ஒன்று கூடுதலாகப் பொருந்தும்.

கூலி, சம்பளம், ஊதியம்

இதைப் புரிந்துகொள்ள அகராதியைவிடக் கம்பம் பள்ளத்தாக்கே நல்ல உதாரணம். குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குப் போய்வரும் தொழிலாளி வாங்குவது கூலி. ஆங்கிலத்தில் 'வேஜஸ்'. பள்ளி ஆசிரியர் மாதாமாதம் வாங்குவது சம்பளம், 'சேலரி'. அதே ஆசிரியர் விடைத்தாள் திருத்தப் போனால் அதற்குத் தருவது 'ரெமுனரேஷன்'. பேச வந்த சிறப்பு விருந்தினருக்குக் கவரில் வைத்துக் கொடுப்பது 'ஹானரேரியம்', மதிப்பூதியம். நான்கும் 'பே' என்ற சொல்லின் உறவுக்காரர்கள். ஆனால் தோட்டத் தொழிலாளியின் தினக்கூலியை 'ஹானரேரியம்' என்று எழுதினால் தப்பு.

அளவும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்றில் கூடலூர், கம்பம் பக்கம் விழும் சாரலுக்கு 'டிரிஸில்'. ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தால் 'ஷவர்'. கொட்டித் தீர்த்தால் 'டவுன்போர்'. மூன்றும் மழைதான், 'டிரிஸில்'க்கு 'டவுன்போர்' சினானிம் ஆகாது. கோபத்திலும் இப்படித்தான். 'அனாய்ட்' என்றால் எரிச்சல், 'ஆங்கிரி' கோபம், 'ஃபியூரியஸ்' கடும் ஆத்திரம்.

மூன்றாவது, சொல்லின் தொனி. 'திரிஃப்ட்டி' என்றால் சிக்கனக்காரர், பாராட்டு. 'ஸ்டிஞ்சி' என்றால் கஞ்சன், திட்டு. இரண்டு பேருமே காசைச் செலவழிக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

வெள்ளம் என்றால் தண்ணீரா, அபாயமா?

குமுளி மலைப்பாதை ஏறி அந்தப் பக்கம் போனால் 'வெள்ளம்' என்பது குடிக்கிற தண்ணீர். இந்தப் பக்கம் அதே சொல்லுக்கு ஊரே பதறும். எல்லைப்புறத்துக்காரர்களுக்கு இது சாதாரணம். போடி, கம்பம் வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்களும் நிறைய. ஒரே ஒலிக்கு இரண்டு மொழியில் இரண்டு பொருள் என்பது அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்து அர்த்தம் மாறியிருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வகுப்பில் 'ஒரு டவுட்' என்றால் நாம் கேட்பது கேள்வி. தேர்வில் 'டவுட்' என்றால் ஐயம், நம்பிக்கையின்மை. அதற்கு 'கொஸ்டீன்' அல்ல, 'அன்சர்ட்டன்டி'தான் பக்கத்தில் வரும். 'அவன் ரொம்ப ஃபீல் பண்றான்' என்றால் தமிழில் வருத்தப்படுகிறான். ஆங்கிலத்தில் 'ஃபீல்' என்றால் வெறுமனே உணர்தல், சந்தோஷமாகவும் இருக்கலாம். தினசரிப் பேச்சில் புழங்கும் இந்தச் சொற்களைத் தெரிந்தது என்று தள்ளிவிடாமல், தனியாக ஒரு பட்டியல் போட்டு அகராதியில் பார்ப்பது நல்லது. தெரியாத சொல்லில் தப்பு விடுவதைவிடத் தெரிந்ததாக நினைத்த சொல்லில் தப்பு விடுபவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வகைச் சிக்கல், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். 'நாவல்' என்றால் கதைப் புத்தகம் மட்டுமல்ல, புதுமையானது என்றும் பொருள். 'கிரேவ்' கல்லறை மட்டுமல்ல, தீவிரமான என்றும் பொருள். வாக்கியத்தோடு கேட்டால் முதலில் வாக்கியம் முழுவதையும் படிக்க வேண்டும். பிறகு ஆப்ஷனை அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, வாக்கியத்தின் பொருள் மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எழுத்து ஒத்துப்போகும் சொற்களும் உண்டு. 'எமினென்ட்' என்றால் புகழ்பெற்ற, 'இம்மினென்ட்' என்றால் உடனே நிகழவிருக்கிற. 'இன்ஜீனியஸ்' சாமர்த்தியமான, 'இன்ஜென்யூவஸ்' கள்ளங்கபடமற்ற. சினானிம் கேட்ட கேள்வியில் ஆன்டனிமை ஓர் ஆப்ஷனாக வைப்பதும் வழக்கம். அவசரத்தில் பார்த்தவுடன் 'இது அந்தச் சொல்லோட சேர்ந்து படிச்சதாச்சே' என்று கை அதில் போய்விடும்.

பத்துச் சொல்லை ஒரே மூச்சில் படிக்கலாமா?

பெரும்பாலான கையேடுகளில் 'ஹேப்பி: ஜாய்ஃபுல், கிளாட், எலேட்டட், எக்ஸல்டன்ட், எக்ஸ்டாடிக்' என்று வரிசையாக இருக்கும். அதை அப்படியே ஒப்பிப்பதுதான் பலருடைய பயிற்சி. ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. தாமஸ் டிங்கம் 1993-லும் ராப் வாரிங் 1997-லும் வெளியிட்ட சோதனைகளில், பொருள் நெருக்கம் உள்ள புதிய சொற்களை ஒரே நேரத்தில் படித்தவர்கள், சம்பந்தமில்லாத சொற்களைப் படித்தவர்களைவிட மெதுவாகவே கற்றார்கள். ஒரே மாதிரி இருப்பதால் ஒன்று இன்னொன்றோடு குழம்பிவிடுகிறது. இரட்டைப் பிள்ளைகள் இருவரையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் எது யார் என்று தெரியாமல் விழிப்பது போல.

அதனால் புதிய சொற்களைப் படிக்கும்போது கலந்து படிப்பது நல்லது. மகிழ்ச்சிக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று. அந்தச் சொல் மனதில் உட்கார்ந்து ஒரு வாரம் கழிந்த பிறகு, அதன் பக்கத்தில் இரண்டாவது சினானிமைச் சேர்க்கலாம். பட்டியல் என்பது படித்து முடித்த சொற்களை வரிசைப்படுத்தப் பயன்படும். தொடங்குவதற்கு அது சரியான இடம் இல்லை.

மறதிக்கு மருந்து: ஐந்து அறைப் பெட்டி

'நேத்து நைட்டு படிச்சது ஹால்ல போனா ஞாபகமே வரல' என்று சொல்லாத தேர்வர் இல்லை. இதை அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-ல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் பிடிமானம் கூடுகிறது.

இதை வைத்து செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் ஒரு பெட்டிமுறையைப் பிரபலமாக்கினார். செலவு மிகக் குறைவு. செருப்பு டப்பா ஒன்றில் அட்டையால் ஐந்து தடுப்பு. பழைய காலண்டர் தாளை வெட்டினாலே அட்டை ரெடி. முன்பக்கம் ஆங்கிலச் சொல். பின்பக்கம் தமிழ்ப் பொருள், ஒரு சினானிம், ஓர் ஆன்டனிம், சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியம்.

புதிய அட்டை எல்லாம் முதல் அறை. அதைத் தினமும் பார்க்க வேண்டும். பொருள் சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் அறைக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் அறை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. எந்த அறையில் தப்பு விட்டாலும் அட்டை திரும்ப முதல் அறைக்கு. தெரியாத சொல் அடிக்கடி கண்ணில் படும், தெரிந்த சொல் நேரத்தைத் தின்னாது.

முக்கியமான விஷயம், அட்டையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருப்பித் திருப்பிப் படிப்பதைவிட, நினைவில் இருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் காட்டினார்கள். படித்துக்கொண்டே இருக்கும்போது 'எல்லாம் தெரியுது' என்று தோன்றுவதும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாததும் இதனால்தான்.

நாளுக்கு எட்டுச் சொல், வாரத்தில் ஆறு நாள் என்றால் 48. பன்னிரண்டு வாரத்தில் 576. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் திராட்சைத் தோட்ட வேலைக்கோ கடைக்கோ போய்விட்டு வந்து படிக்கும் ஒருவரால் உண்மையில் தாக்குப்பிடிக்க முடிகிற எண்ணிக்கை அதுதான். நாளுக்கு 50 என்று தொடங்கி நான்காம் நாள் கைவிடுவதில் பலன் இல்லை.

பகுதி, விகுதி தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி

தமிழ் இலக்கணத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு ஆங்கில வேர்ச்சொல் கஷ்டமே இல்லை. 'பெனி' என்று தொடங்கினால் நன்மை: 'பெனிஃபிட்', 'பெனவலன்ட்', 'பெனைன்'. 'மால்' என்றால் தீமை: 'மாலிஸ்', 'மெலவலன்ட்', 'மலைன்'. ஆறு சொல்லை இரண்டு வேரில் கட்டிவிடலாம். எதிர்ப்பொருளும் கூடவே வந்துவிடும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'இன்' முன்னால் வந்தால் எதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது இல்லை, விலைமதிப்பற்றது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்குமே தீப்பற்றக்கூடியது என்றுதான் பொருள். தேர்வில் இந்த மாதிரிச் சொற்கள்மேல் வினா எடுப்பவர்களுக்குத் தனிப் பிரியம்.

தெரியாவிட்டால் குறிக்கலாமா, விடலாமா?

இதில் உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட வேண்டும். எம்.டி.எஸ். இரண்டாம் அமர்வில் சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 மதிப்பெண் குறைப்பு. நான்கு ஆப்ஷனில் ஒன்றுமே தெரியாமல் குறித்தால், சராசரியாக லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஒரு ஆப்ஷன் நிச்சயம் தவறு என்று தெரிந்து ஒதுக்கினாலே கேள்விக்குச் சராசரியாக 0.33 லாபம். இரண்டை ஒதுக்கினால் 1 மதிப்பெண். சி.ஜி.எல். முதல்கட்டத்தில் சரிக்கு 2, தவறுக்கு 0.50 குறைப்பு, இரண்டு ஆப்ஷனை ஒதுக்கிவிட்டால் சராசரி லாபம் 0.75. வங்கித் தேர்வில் ஐந்து ஆப்ஷன், தவறுக்கு கால் மதிப்பெண். குருட்டாம்போக்கில் குறித்தால் அங்கேயும் பூஜ்ஜியம்தான். டி.என்.பி.எஸ்.சி. கொள்குறி வகைத் தேர்வில் தவறுக்குக் குறைப்பு கிடையாது, ஒரு கேள்வியையும் விடக் கூடாது.

சொல்லின் முழுப்பொருள் தெரியாவிட்டாலும், அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்ற தொனி தெரிந்தாலே இரண்டு ஆப்ஷனை ஒதுக்க முடியும். அட்டையின் மூலையில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டு வைப்பது இதற்காகவே.

எங்கே தொடங்குவது?

கையில் இருக்கும் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான சமச்சீர் ஆங்கிலப் பாடநூல்களே போதுமான தொடக்கம். பாடங்களோடு வரும் சொற்பொருள் பட்டியலில் சொல்லும் இருக்கிறது, அது வந்த வாக்கியமும் பாடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்கள். எஸ்.எஸ்.சி.க்குப் படிப்பவர் ஜி.ஆர்.இ. சொற்பட்டியலைத் தூக்கிச் சுமப்பது வீண்வேலை.

ஆங்கிலம்-தமிழ் அகராதி முதல் பார்வைக்கு உதவும். ஆனால் அதில் 'திரிஃப்ட்டி'க்கும் வேறு நான்கு சொற்களுக்கும் 'சிக்கனமான' என்று ஒரே பொருள் போட்டிருக்கலாம். தொனி வேறுபாடு தெரிய, மாணவர்களுக்கான ஆங்கிலம்-ஆங்கில அகராதியையும் கூடவே பார்க்க வேண்டும். போனில் பார்த்தால் போதும். உதாரண வாக்கியத்தைப் படிக்காமல் மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வு வகுப்புகள் இலவசம். தமிழ்நாடு அரசின் மெய்நிகர் கற்றல் இணையதளத்திலும் பாடக்குறிப்புகளும் காணொலிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 'நான் முதல்வன்' திட்டத்தின் போட்டித் தேர்வுகள் பிரிவு எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறது. இவற்றில் சேர வகுப்பு தொடங்கும் தேதியையும் தகுதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். தேர்வு முறையும் மதிப்பெண் குறைப்பும் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது அவசியம்.

தேனி மாவட்டத்துக்காரர்கள் எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கம்பத்தில் இருந்து பஸ்ஸில் கிளம்பினால் பல மணி நேரப் பயணம். போடியில் இருந்து 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. அந்தப் பயணத்தில் புதிய பட்டியல் எதையும் திறக்காமல், முதல் அறையில் திரும்பத் திரும்ப வந்து விழுந்த முப்பது நாற்பது அட்டைகளை மட்டும் ரப்பர்பேண்ட் போட்டு எடுத்துப் போனால் போதும்.